இடிந்த சுவர்களும் இடியாத சுவர்களும்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். வல்லம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் மாலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு கல்லறைகளை மந்திரிக்கப் புறப்பட்டோம். ஊர்த் தெருவாரின் கல்லறைத் தோட்டம் வாய்க்காலுக்கு இப்புறம். காலனி மக்களின் கல்லறைத் தோட்டம் அப்புறம். முதலாவதை முடித்து இரண்டாவதை நோக்கி நடக்கையில், தீர்த்தச் செம்பைத் தூக்கி வந்த காலனிச் சிறுவன் மெல்லக் கேட்டான்: "சாமி, செத்த பிறகும் ஏன் தனித்தனியா?"

"எல்லாம் மாறும் தம்பி, கொஞ்சம் பொறுக்கணும்" என்றோம். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் நாம் சொன்ன மறுமொழியே அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. எத்தனை காலமாக இந்தப் பொறுமையைக் கேட்டு வருகிறோம் என்று வரலாற்றைப் புரட்டிப் பார்க்கத் தோன்றியது.

வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. நம் உயர்மறைமாவட்டத்தின் தலைநகராகிய புதுச்சேரியிலேயே தொடங்கலாம். 1703-ஆம் ஆண்டு திருத்தந்தையின் தூதராக அங்கு வந்திறங்கிய தூர்னோன், மறுஆண்டு ஜூன் 23-ஆம் நாளிட்டு ஓர் ஆணையை வெளியிட்டார். பறையர் இல்லங்களில் நோயுற்றுக் கிடப்போருக்கு, குருக்கள் அவ்வில்லங்களுக்குள்ளேயே சென்று திருவருட்சாதனங்களை வழங்கவேண்டும் என்பது அவ்வாணையின் கூறுகளுள் ஒன்று. இப்படி ஓர் ஆணை பிறக்கவேண்டியிருந்தது என்றால், அதுவரை நடந்தது யாதென்பதைச் சொல்லத் தேவையில்லை. சாகும் மனிதனின் குடிசை வாசலைக் கிறிஸ்துவின் குரு தாண்டத் தயங்கிய காலம் அது. நாற்பது ஆண்டுகாலச் சர்ச்சைக்குப் பின், 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இறுதித் தீர்ப்பு வழங்கினார்.

அதற்கு மறுஆண்டு நடந்ததை, கிறிஸ்தவரல்லாத ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் தமிழறிந்தோர் அறிவர். புதுவைக் கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவருக்கும் பறையர் கிறிஸ்தவருக்கும் இடையே எழுப்பப்பட்டிருந்த சுவரைப் பற்றி, 1745-ஆம் ஆண்டுக் குறிப்பில் அவர் கூறுகிறார். ஒடுக்கப்பட்ட மக்களே பெரிய குருவிடம் சென்று முறையிட்டார்கள். நாங்களும் கிறிஸ்தவர்களாயின், ஆண்டவர் வகுக்காத பிரிவினையை நீங்கள் வகுப்பது எப்படி என்பதே அவர்களின் கேள்வி. குருவால் மறுக்க முடியவில்லை, சுவர் இடிக்கப்பட்டது. அனைவரும் கலந்திருந்து பூசை கண்டார்கள். சாதிக் கிறிஸ்தவரோ கொதித்தெழுந்தார்கள். இடிந்த சுவர் வேறு வேறு வடிவங்களில் திரும்பி வந்தது; அடுத்த நூற்றாண்டிலும் நம் பகுதிக் கோவில்களில் இருக்கைப் பிரிவினை தொடர்ந்தது.

தெற்கே நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இதனினும் விந்தையான காட்சி. 1872-இல் எழுந்த கோவிலின் அமைப்பே பிரிவினைக்காகத் தீட்டப்பட்டது. ஒரே பீடத்திலிருந்து இரு மண்டபங்கள், கால்சட்டையின் இரு கால்களைப் போல விரிந்து சென்றன. வேளாளர் முதலானோர் ஒன்றில், நாடார் முதலானோர் மற்றொன்றில். நடுவில் சுவர். பீடத்தில் நின்ற குரு இரு சாராரையும் கண்டார். அவர்களோ ஒருவரையொருவர் காணவில்லை. 1910-இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை அகற்றினார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கிறிஸ்தவக் கோவிலுக்குள் சாதியின் பெயரால் தனியிட உரிமை கோர முடியாது என்று தீர்ப்பாயிற்று. உலக நீதிமன்றம் நமக்கு நற்செய்தியை நினைவூட்ட வேண்டியிருந்ததே என்று நாம் வெட்கப்படவேண்டும்.

இது தமிழகத்தின் தனி நோயா? அன்று. கடல்கடந்த அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் கத்தோலிக்கக் கோவில்கள் இதே நிலையில்தான் இருந்தன. கறுப்பு மக்களுக்குப் பின்வரிசை. வெள்ளையர் அனைவரும் நற்கருணை வாங்கிய பின்னரே அவர்களுக்கு நற்கருணை. நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மல் 1953-இல் சுற்றுமடல் எழுதி, இருக்கையிலும் நற்கருணைக் கிராதியிலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் இனிப் பாகுபாடு கூடாதென்று பணித்தார். 1955-இல் கறுப்பினக் குரு ஒருவரைத் திருப்பலி நிறைவேற்றவிடாமல் தடுத்த சிற்றாலயத்தை மூடிவிட்டார். இனப்பிரிவினை பாவம் என்று 1956-இல் அறிவித்தார். 1962-இல் கத்தோலிக்கப் பள்ளிகளைக் கறுப்புக் குழந்தைகளுக்குத் திறந்துவிட்டு, வெளிப்படையாக எதிர்த்து நின்ற மூவரைத் திருச்சபையினின்று விலக்கினார். கடிதம் எழுதியதோடு நில்லாமல், அதற்குரிய விலையையும் கொடுத்த ஆயர் அவர்.

அதே ஆண்டுகளில்தான் அம்மக்களின் அறப்போர் நாடெங்கும் பரவிற்று. 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரி நகரப் பேருந்தில், வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற பெண்மணி கைதானார். 381 நாட்கள் அந்நகரின் கறுப்பு மக்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தே சென்றார்கள். அவர்களை வழிநடத்திய போதகர் மார்ட்டின் லூதர் கிங், 1963-இல் பெரிய வெள்ளிக்கிழமையன்று பர்மிங்காம் நகரில் சிறைப்பட்டார். கோரிக்கை நியாயம்தான், ஆனால் வீதியில் இறங்குவது காலத்துக்கு ஒவ்வாதது, பொறுமை வேண்டும் என்ற கருத்துப்பட அந்நகரச் சமயத் தலைவர்கள் எட்டுப் பேர் அந்நேரத்தில் அறிக்கை விட்டார்கள். சிறைக்குள்ளிருந்து கிங் எழுதிய புகழ்பெற்ற மடல் அந்த எட்டுப் பேருக்கு எழுதிய மறுமொழியே. "பொறுங்கள்" என்ற சொல் ஒடுக்கப்பட்டவன் செவியில் "ஒருபோதும் இல்லை" என்றே ஒலிக்கிறது என்பது அதன் சாரம்.

அந்த எண்மருள் ஒருவர் கத்தோலிக்கத் துணை ஆயர் ஜோசப் டூரிக். இதை வாசித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம். அவர் கொடியவரல்லர், அமைதியை விரும்பிய நல்ல மேய்ப்பர். வாய்க்கால் கரையில் சிறுவனிடம் நாம் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். ஆயினும் அவர் கதை அங்கே முடியவில்லை. அம்மடல் அவரைத் தைத்தது. பின்னாளில் நாஷ்வில் மறைமாவட்ட ஆயராகப் பொறுப்பேற்று, கறுப்பு மக்களின் உரிமைக்காக உரக்கப் பேசினார். தம்மவர் பலரின் வெறுப்பையும் ஏற்றார். சிறையிலிருந்து வந்த மடல் ஓர் ஆயரை மனந்திருப்பக்கூடுமாயின், சிறுவன் கேள்வி ஒரு பங்குக்குருவை ஏன் மனந்திருப்பலாகாது?

நம் வீட்டுக்குத் திரும்புவோம். 2008 மார்ச் 9, தவக்காலத்து ஐந்தாம் ஞாயிறு. இலாசரின் கல்லறை திறந்த நற்செய்தி ஆலயங்களில் வாசிக்கப்பட்ட நாள். அன்று, அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில் கத்தோலிக்கருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலவரம் மூண்டது. கோவிலிலும் சவ ஊர்வலப் பாதையிலும் கல்லறையிலும் பாகுபாடு என்று தலித் கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் முறையிட்டு, தமக்குத் தனிப் பங்கு கேட்டிருந்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் உயிரிழந்தனர். முறையீட்டைக் காலத்தே கேளாத திருச்சபை, இரு தரப்பாரின் கண்ணீருக்கும் கணக்குக் கொடுக்கவேண்டும். சாதிச் சுவர் ஒரு பக்கத்தவரை மட்டும் நசுக்குவதன்று. அதைக் காத்து நிற்பவர்மேலும் அது விழுகிறது.

அறிவிப்புகளுக்கு நம்மிடம் குறைவில்லை. 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம், சாதிப் பாகுபாட்டின் சாயலே கூடாது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எடுத்துரைத்தார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை ஏட்டையே வெளியிட்டது.

அரசிடமும் நாம் நீதி கேட்கிறோம். 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாளிட்ட குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டுமென வரையறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கு விரிக்கப்படவில்லை. ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கும் நம் மக்களின் கோரிக்கை முற்றிலும் நியாயமானதே. ஆயினும், தில்லியை நோக்கி நீதி கேட்கும் நாம் வாய்க்காலுக்கு இருபுறமும் இரு கல்லறைத் தோட்டங்களை வைத்திருந்தால், நம் குரலுக்கு வலிமை எங்கிருந்து வரும்?

வரலாறு நமக்குக் காட்டும் பாடம் எளியது. எந்தச் சுவரும் காலத்தால் தானே கரைந்ததில்லை. புதுவையிலும் மாண்ட்கோமரியிலும், ஒடுக்கப்பட்டவர்களே முதலில் எழுந்து கேட்டார்கள். புதுவையிலும் நியூ ஆர்லியன்ஸிலும், பொறுப்பிலிருந்தோர் எதிர்ப்புக்கு அஞ்சாது செயல்பட்டார்கள். ஆனால் மூன்றாவதாக ஒன்று வேண்டும்: சுவர் இருந்த இடத்தைப் பொதுநிலையினர் தம் கால்களால் கடக்கவேண்டும். அது நிகழாத இடத்திலெல்லாம் சுவர் மீண்டும் முளைத்தது. ஆயரின் ஆணை கல்லைத்தான் இடிக்கும். பக்கத்துத் தெருவின் சாவுக்குச் சென்று பாடை சுமக்கும் தோளை எந்த ஆணையும் உண்டாக்காது.

அன்பார்ந்த இறைமக்களே, இதை உங்களுக்குச் சொல்லுமுன் நமக்கே சொல்லிக்கொண்டோம். அடுத்து கூடிய பங்குப் பேரவையில், இனி இறப்போர் எத்தெருவினராயினும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெறவேண்டும் என்று முன்மொழிந்தோம். சிலர் எழுந்து வெளியேறினர். சிலர் தலைகவிழ்ந்திருந்தனர். முதியவர் ஒருவர் மட்டும், "எனக்குப் போறவேளை வந்துடுச்சு சாமி. முதல்ல என்னை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புதைங்க" என்றார். அவர் ஊர்த் தெருக்காரர்.

அந்தச் சிறுவனிடம் இனிப் பொறுமையைக் கேட்கமாட்டோம். அவனிடம் நாம் கேட்கவேண்டியது மன்னிப்பு.