இல்லாத மொழிக்கு எதற்குத் தடை?

உக்ரைன் போர் பற்றிப் பேச்சு வந்தாலே, "ரெண்டு பேரும் ஒரே ஆளுங்கதானே, அப்புறம் ஏன் சண்டை?" என்று இங்கே புனேயில் நம்மவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த "ஒரே ஆளுங்க" என்ற பேச்சுக்கே ஒரு பழைய கதை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தாரஸ் ஷெவ்சென்கோ என்று ஒரு கவிஞர். 1814-ல் உக்ரைனில் ஒரு பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். படம் வரைவதில் கெட்டிக்காரர். 1838-ல் பிரியுல்லோவ் என்ற ரஷ்ய ஓவியர், கவிஞர் ஜுகோவ்ஸ்கியை வரைந்து, அந்தப் படத்தைக் குலுக்கலில் விட்டார். அதில் கிடைத்த 2,500 ரூபிளைக் கொடுத்துத்தான் ஷெவ்சென்கோவை அடிமைத்தளையிலிருந்து மீட்டார்கள். கைகொடுத்தவர்கள் ரஷ்யக் கலைஞர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

1840-ல் அவருடைய 'கோப்சார்' வெளிவந்தது, உக்ரைனிய மொழியில். 1847-ல் கைது. சாதாரணச் சிப்பாயாகத் தொலைதூரத்துக்கு அனுப்பினார்கள். எழுதவும் கூடாது, வரையவும் கூடாது என்பது ஜார் முதலாம் நிக்கலாய் போட்ட உத்தரவு. பத்து வருஷம் அப்படிப் போனது.

அவர் 1861-ல் இறந்தார். 1863-ல் உள்துறை அமைச்சர் வாலுயேவ் ஒரு ரகசியச் சுற்றறிக்கை அனுப்பினார். உக்ரைனியம் என்று தனி மொழியே கிடையாது என்பது அதன் சாரம். அதனால் அதில் பாடப் புத்தகமும் மதப் புத்தகமும் அச்சிடக் கூடாதாம். அந்த வருஷம் போலந்தில் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது, அரசுக்குப் பயம். 1876-ல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் இன்னும் இறுக்கினார். வெளிநாட்டில் அச்சான உக்ரைனிய நூல்களைக் கொண்டுவரத் தடை. நாடகத்துக்குத் தடை. இசைக்குறிப்புக்குக் கீழே பாட்டு வரியைப் போடக்கூடத் தடை!

எனக்குப் புரியாதது ஒன்றுதான். இல்லாத மொழிக்கு எதற்கு இத்தனை தடை?

ரஷ்ய எல்லைக்குள் அச்சிட முடியாததை, ஆஸ்திரியா ஆண்ட லிவிவ் நகரில் அச்சிட்டார்கள். 1905-ல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகமே அந்தத் தடைகளை நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது.

மொழி மட்டும்தான் காரணம் என்று சொல்லவும் மாட்டேன். வீட்டில் ரஷ்யம் பேசும் உக்ரைனியர்கள் ஏராளம். ஜெலென்ஸ்கியே அப்படி வளர்ந்தவர்தான். 1991 டிசம்பர் வாக்கெடுப்பில் தனி நாடு வேண்டும் என்று 90 சதவீதத்துக்கும் மேல் ஓட்டுப் போட்டார்களே, அதில் அவர்களும் சேர்த்தி. ஆனாலும் 2021 ஜூலையில் புதின், இருவரும் ஒரே மக்கள் என்று நீண்ட கட்டுரை எழுதினார். அடுத்த பிப்ரவரியில் படை நுழைந்தது.

"நீயும் நானும் ஒன்று" என்பதைச் சொந்தக்காரர் சொன்னால் பாசம். பட்டாளத்தோடு வந்து சொன்னால் அது வேறு.

கடைசியாக ஒன்று. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசக் கூடாது என்று எந்த ஜாரும் இங்கே உத்தரவு போடவில்லை. அப்புறம் ஏன் பேசுவதில்லை என்பதை அவரவர் வீட்டில்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.