எஞ்சிய சுவடுகள்: நூகுஸ் பாலைநிலக் கலைக்கூடம்

ஜைஹூன் நதிக்கரையில் அமைந்திருந்த காத் நகரின் அல்பீர் கோட்டையைப் பற்றி அபூரைஹான் அல்பிரூனி ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். பத்து மைல் தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்த அக்கோட்டையை நதி ஆண்டுதோறும் அரித்துத் தின்றது. கிறிஸ்தவ ஆண்டுக்கணக்கில் 994 அளவில் அதன் கடைசித் துண்டும் நீரில் மறைந்தது. அப்போது அல்பிரூனிக்கு வயது இருபத்தொன்று. தாம் பிறந்த ஊரின் முகம் கண்ணெதிரே அழிவதைக் கண்ட அந்த இளைஞர் பின்னாளில் எழுதிய நூலுக்கு ‘அல்ஆஸாருல் பாகியா’ என்று பெயரிட்டார். ‘எஞ்சிய சுவடுகள்’ என்பது அதன் பொருள்.

அந்நூலில் இன்னொரு வருத்தமும் பதிவாகியுள்ளது. 712ஆம் ஆண்டு குவாரிஸ்மை வென்ற தளபதி குதைபா இப்னு முஸ்லிம், அந்நாட்டு எழுத்தை அறிந்தவர்களையும் பழஞ்செய்திகளை மனத்தில் தேக்கி வைத்திருந்தவர்களையும் அழித்துவிட்டதால், அம்மக்களின் முந்தைய வரலாற்றை உறுதியாக அறிய வழியில்லாமற் போயிற்று என்கிறார் அல்பிரூனி. வென்றவர் தம் சமயத்தைச் சேர்ந்தவர் என்பதற்காக அவர் அதை மறைக்கவில்லை. நமது அறிவு மரபின் நேர்மைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

காத் இருந்த இடம் இன்று உஸ்பெகிஸ்தானுக்கு உட்பட்ட கரகல்பாக்ஸ்தான் தன்னாட்சிக் குடியரசில் இருக்கிறது. அதன் அருகிலுள்ள நகருக்கு 1957இல் பெருனி என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. குடியரசின் தலைநகர் நூகுஸ். ஒரு பக்கம் கிஸில்கும் என்னும் செம்மணற்பாலை, மறுபக்கம் கராகும் என்னும் கருமணற்பாலை. அங்கேதான் இக்கட்டுரைக்குரிய கலைக்கூடம் நிற்கிறது. ஓர் இனத்தின் எஞ்சிய சுவடுகளையும், ஒரு பேரரசு ஒழித்துவிட நினைத்த ஓவியர்களின் எஞ்சிய சுவடுகளையும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்து வைத்த இடம் அது.

நமது பயண நூல்களைப் படித்தவர்களுக்கு அந்நிலம் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்து பல்காரியரின் நாடு நோக்கிச் சென்ற இப்னு ஃபள்லான் ஜுர்ஜானிய்யாவில் குளிர்காலத்தைக் கழித்தார். ஜைஹூன் உறைந்து, அதன் மேல் வண்டிகளும் கால்நடைகளும் சென்றதைக் கண்டு அவர் திகைத்தார். 1333ஆம் ஆண்டு வாக்கில் இப்னு பதூதா வந்தபோது குவாரிஸ்மின் முலாம்பழம் அவர் மனத்தைக் கவர்ந்தது. அதைக் கீற்றுகளாக அரிந்து வெயிலில் உலர்த்தி இந்தியாவுக்கும் சீனத்துக்கும் அனுப்பினார்கள் என எழுதுகிறார். இதே பயணிதான் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் நமது மஅபர் கரைக்கு வந்து மதுரை சுல்தானின் அவையைக் கண்டவர்.

கரகல்பாக் என்னும் சொல்லுக்குக் ‘கருந்தொப்பி’ என்பது பொருள். கஸாக் மொழிக்கு நெருங்கிய துருக்கிய மொழி பேசும் ஸுன்னி முஸ்லிம்கள் அவர்கள். அவர்களுடைய மொழி 1928 வரை அரபு எழுத்தில் எழுதப்பட்டது. பிறகு லத்தீன், 1940இல் ரஷ்ய சிரிலிக், 1990களில் மீண்டும் லத்தீன். பாட்டன் எழுதிய கடிதத்தைப் பேரன் வாசிக்க இயலாத நிலை எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை உண்டாயிற்று. பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் மூடப்பட்ட காலமும் இதுவே. குதைபாவின் வாள் செய்ததாக அல்பிரூனி வருந்திய காரியத்தை, இருபதாம் நூற்றாண்டில் அரசாணைகள் ஓசையின்றிச் செய்து முடித்தன.

இந்நிலையில்தான் 1950ஆம் ஆண்டு ரஷ்ய ஓவியர் ஒருவர் அங்கு வந்து சேர்ந்தார். பெயர் இகோர் சாவிட்ஸ்கி. 1915இல் கீவ் நகரில் பிறந்தவர். செர்கெய் தோல்ஸ்தோவின் தலைமையில் இயங்கிய குவாரிஸ்ம் அகழாய்வுக் குழு, தோப்ரக் கலா முதலிய இஸ்லாத்திற்கு முற்பட்ட கோட்டைகளைத் தோண்டிக்கொண்டிருந்தது. கண்டெடுக்கப்படும் பொருள்களை வரைவது சாவிட்ஸ்கியின் பணி. குழுவினர் மண்ணுக்குள் புதைந்த நாகரிகத்தைத் தேட, அவர் கண்கள் மண்ணுக்கு மேலே இருந்ததை நாடின. கூடாரங்களில் வாழ்ந்த கரகல்பாக் பெண்கள் உடுத்திய ஆடை, அணிந்த நகை, விரித்த கம்பளம் ஆகியவை அவரை ஈர்த்தன. சோவியத் ஆட்சியில் அவை பிற்போக்கின் அடையாளங்களாக ஒதுக்கப்பட்டிருந்தன. உரியவர்களே அவற்றைக் கிழிந்த துணியென எறியத் தொடங்கியிருந்தார்கள்.

அவர் மாஸ்கோவைத் துறந்து நூகுஸில் குடியேறினார். ஊர் ஊராகச் சென்று பழந்துணிகளைக் கேட்டு வாங்கும் இந்த மனிதரை மக்கள் சற்று வியப்புடனும் சற்று ஏளனத்துடனும் பார்த்தார்களாம். பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1966இல் உள்ளூர் அதிகாரிகள் அருங்காட்சியகத்திற்கு இசைந்து, அவரையே பொறுப்பாளராக்கினர். இன்று அது அவர் பெயரையே தாங்குகிறது. கலைப்பொருள்களின் எண்ணிக்கை 80,000க்கும் அதிகம்.

மேலை நாட்டு இதழ்கள் இக்கூடத்தைப் ‘பாலைவனத்து லூவர்’ என்று புகழ்கின்றன. அவை பேசுவதெல்லாம் ரஷ்ய ஓவியங்களைப் பற்றித்தான். கரகல்பாக் மக்களின் பொருள்கள் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். ஆனால் சாவிட்ஸ்கி முதலில் திரட்டியவை அவைதாம். அரபு படித்த ஒருவருக்கு அங்கே ஒவ்வொரு கண்ணாடிப் பேழையும் ஓர் அகராதிப் பக்கம். மார்பில் அணியும் பெரிய வெள்ளி அணிக்கு ‘ஹைகெல்’ என்று பெயர். நமது ‘ஹைகல்’ என்னும் சொல்லேதான் அது. ஓதி எழுதிய தாளை உள்ளே வைத்து அணியும் கூட்டுக்குத் ‘துமார்’ என்பார்கள். ‘தூமார்’ என்றால் அரபியில் சுருள் ஏடு. எழுதிய சுருளைக் குறித்த சொல், அதைத் தாங்கும் வெள்ளிக்கூட்டின் பெயராகிவிட்டது. எழுத்து மாறி, ஓதுவோர் அருகி, ஏட்டை வாசிக்க ஆளில்லாத காலத்திலும் அந்தச் சொல் மட்டும் பெண்களின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தாயத்து அணிவது பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நான் இங்கே எடுக்கவில்லை. ஒரு மக்களின் மொழியில் அரபு எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பதற்கு அது சாட்சி. அவ்வளவே நான் சொல்ல வந்தது.

‘கீமெஷெக்’ என்பது தலையையும் மார்பையும் மூடி, முகத்தை மட்டும் திறந்துவிடும் தலையாடை. இளம் பெண்களுக்குச் சிவப்பு, முதியவர்களுக்கு வெள்ளை. மணப்பெண்ணின் ‘கோக் கோய்லெக்’ என்னும் நீல அங்கியில் அவுரிச் சாயத்தின் கருநீலத்தின் மேல் நெருக்கமான தையல் வேலை செய்யப்பட்டிருக்கும். கூடாரத்தைச் சுற்றிக் கட்டும் நெய்த பட்டைகளிலும் கம்பளங்களிலும் ஆட்டுக்கடாவின் கொம்பு வளைவு திரும்பத் திரும்ப வரும். ஆடு இராது, கொம்பின் கோடு மட்டுமே இருக்கும். உயிரினத்தை வரையாமலேயே அதன் வலிமையை உணர்த்தும் இந்த வடிவ அறிவு, இலையையும் கொடியையும் எழுத்தையும் கொண்டு கலை வளர்த்த நம் மரபுக்கு உறவு முறையாகும்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவர் எழுந்து, “அப்படியானால் உருவப் படங்கள் நிறைந்த கூடத்தைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும், உஸ்தாத்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. உருவம் வரைதல் பற்றிய ஃபிக்ஹ் விவாதம் விரிவானது. அதற்கு வேறு நூல்கள் உண்டு. வரலாறு வேறொன்றைக் கேட்கிறது. அந்தப் படங்கள் எதற்குச் சாட்சி சொல்கின்றன என்பதே அக்கேள்வி.

அவற்றுள் ஒருவர் அலெக்ஸாந்தர் நிக்கொலாயெவ், 1897இல் ரஷ்யாவில் பிறந்தவர். 1920களில் சமர்கந்துக்கு வந்து, அந்நகரின் வாழ்க்கையில் தோய்ந்து, இஸ்லாத்தைத் தழுவினார் என்று கூறப்படுகிறது. ‘உஸ்தோ முஃமின்’ என்று தம் பெயரை மாற்றிக்கொண்டார். உஸ்தாத் என்பதன் உள்ளூர் வடிவமே ‘உஸ்தோ’. 1938இல் கைது செய்யப்பட்டுச் சில ஆண்டுகளைச் சிறையிலும் முகாமிலும் கழித்தார். மிகயீல் கூர்ஸின் இன்னொருவர். தாஷ்கந்தில் ‘புதிய கிழக்கின் கலைஞர்கள்’ என்னும் குழுவை அமைத்தவர். 1936இல் பிடிபட்டு முகாமுக்கு அனுப்பப்பட்டார். உரால் தன்சிக்பாயெவ் என்னும் கஸாக் ஓவியரின் கதை வேறு வகை. இளமையில் செந்நிறமும் ஊதாவும் கொப்பளிக்க வரைந்தவர், பின்னர் அணைக்கட்டுகளும் அமைதியான மலைகளும் வரைந்து அரசின் உயர் விருதுகளைப் பெற்றார். அவரது இளமை நூகுஸில் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி? சிறை செல்லாதவர்கள் சிறை செல்லாதவர்களைத் தூற்றுவது எளிது.

இவர்களும் இவர்களைப் போன்றோரும் வரைந்தவை மாடிப் பரண்களிலும் விதவைகளின் கட்டிலுக்கடியிலும் கிடந்தன. சோவியத் கலைக்கொள்கை ஏற்றுக்கொண்ட ஒரே பாணிக்கு வெளியே நின்ற எதையும் மாஸ்கோவில் காட்ட இயலாது. சாவிட்ஸ்கி அவ்வீடுகளைத் தேடிச் சென்றார். கையில் பணம் இருந்தால் கொடுத்தார், இல்லையெனில் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தார். இறக்கும்போது பல குடும்பங்களுக்கு அவர் கடனாளி. சுருட்டிய ஓவியங்களை இரயிலில் ஏற்றிப் பாலைவனத்துக்குக் கொண்டு சென்றார். வெளிநாட்டவருக்கு மூடப்பட்ட நகரம் நூகுஸ். இராணுவத்தின் வேதியியல் ஆயுத ஆய்வுக்கூடமும் அங்கிருந்தது. மாஸ்கோவிலிருந்து அவ்வளவு தூரம் வந்து பார்ப்போர் அரிது. அந்தத் தொலைவே ஓவியங்களுக்குக் காவலாயிற்று. எப்போதாவது அதிகாரிகள் வந்தார்கள். லிசென்கோ என்பவர் வரைந்த நீலக் காளையின் கண்கள் துப்பாக்கிக் குழாய்களைப் போல் இருந்ததால் அதை அகற்றச் சொன்னார்கள். அகற்றினார். அவர்கள் ஊர் திரும்பியதும் மீண்டும் மாட்டினார்.

நதெஷ்தா பொரோவாயா என்னும் பெண்மணியின் சித்திரங்கள் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தவை. கணவர் 1938இல் கொல்லப்பட்டார். மனைவி என்ற ஒரே குற்றத்திற்காக இவர் தெம்னிகோவ் முகாமில் ஏழாண்டுகள் அடைக்கப்பட்டார். அங்கே கண்டவற்றை ஒளிவாக வரைந்தார். சாவிட்ஸ்கி அவற்றை வாங்க அரசிடமே பணம் பெற்றார். எப்படி? இவை நாஜிகளின் வதைமுகாம் காட்சிகள் என்று சொன்னார். அதிகாரிகள் நம்பிவிட்டார்கள். தம் நாட்டின் முகாமைப் பார்த்து, இது எதிரி நாட்டின் கொடுமை என்று அவர்கள் தயக்கமின்றி ஏற்றதில் ஒரு தீர்ப்பே இருக்கிறது.

அவர் சொன்னது பொய்தான். இமாம் நவவி (ரஹ்) ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் இவ்வகை நிலையைத் தெளிவாக ஆராய்கிறார். ஒருவரிடம் அமானிதப் பொருள் இருந்து, அதைப் பறிக்க அநியாயக்காரன் கேட்டால், மறைப்பதற்காகப் பொய் சொல்வது அனுமதி மட்டுமல்ல, கடமையே என்பது அவர் கருத்து. ஆயினும் இரு பொருள்படப் பேசித் தப்பிப்பதே பேணுதல் என்றும் சேர்த்துச் சொல்கிறார். சாவிட்ஸ்கி நமது நூல்களைப் படித்தவரல்லர். அமானிதம் என்னும் சொல்லின் பொருளை அவர் அறிந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன். இறந்தவர்களின் சாட்சியம் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர் கடன் வைத்துச் சென்றதும் நம் சட்டத்தில் சிறிய செய்தியன்று என்பதையும் நேர்மைக்காகக் குறிப்பிட வேண்டும்.

சேர்ப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. உள்ளூர் இளைஞர்களைக் கலைப் பணிக்குத் தூண்டினார். ஓவியத்தில் கிதிர்பாய் சாயிபோவும், மரச்சிற்பத்தில் ஜோல்தஸ்பெக் குத்திமுராதோவும் அவ்வாறு வளர்ந்தவர்கள். தூணும் கதவும் செதுக்கிய மரபிலிருந்து உருவச் சிற்பத்திற்கு ஒரு தலைமுறையில் தாவியவர் குத்திமுராதோவ். அந்தத் தாவலில் கிடைத்தது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்பது எனக்கு இன்னும் தீராத ஐயம்.

1984இல் சாவிட்ஸ்கி மாஸ்கோவில் காலமானார். உடல் நூகுஸில் அடக்கப்பட்டது. பழைய உலோகப் பொருள்களைத் தூய்மை செய்யப் பயன்படுத்திய ஃபார்மலின் அவர் நுரையீரலைக் கெடுத்தது என்பர். அவருக்குப் பின் மரினிகா பாபாநஸரோவா 31 ஆண்டுகள் பொறுப்பேற்றார். சோவியத் ஒன்றியம் சிதைந்த வறுமைக் காலத்திலும் ஓவியங்களை விலைபேச வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பினார். 2015இல் அசல் ஓவியங்கள் போலிகளாக மாற்றப்பட்டன என்ற குற்றச்சாட்டின் சூழலில் அவர் பதவி விலக நேர்ந்தது. ஊழியர்கள் அவர் பக்கம் நின்று எதிர்த்தார்கள். 2017இல் மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகமும், 2024இல் ஃபுளோரன்சும் வெனிஸும் நூகுஸின் ஓவியங்களை வரவழைத்துக் காட்சிப்படுத்தின. ஒரு காலத்தில் மாஸ்கோவுக்குத் தெரியாமல் வெளியேறியவை மாஸ்கோவுக்கே விருந்தாளியாகச் சென்றன.

ஊருக்கு வடக்கே நடந்தது வேறு. பருத்தி வயல்களுக்காக 1960களிலிருந்து ஜைஹூனும் ஸைஹூனும் திருப்பப்பட்டதால், ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த ஆரல் கடல் வற்றிப்போயிற்று. மீன்பிடித் துறைமுகமாயிருந்த முய்னாக்கில் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. கடலடியின் உப்புத்தூசியைக் காற்று நூகுஸ் வரை வாரி வருகிறது. சவ்வுத் தாளிலும் பட்டு நூலிலும் அவுரிச் சாயத்திலும் எஞ்சியிருப்பவற்றை அத்தூசியிலிருந்து காப்பது அங்குள்ளவர்களின் அன்றாட வேலை. அல்பிரூனியின் கோட்டையைத் தின்று தீர்த்த அந்த நதி, இப்போது கடலைச் சென்றடைய நீரின்றி மணலிலேயே நின்றுவிடுகிறது.