1818ஆம் ஆண்டின் அரை அணா: ஒரு போலி நாணயத்தின் கதை

ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன். மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818 என்ற எழுத்துக்கள். இப்படிப்பட்ட நாணயங்கள் பல வீடுகளில் பூஜை அறையில் பத்திரமாக இருக்கின்றன. லட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. உண்மையில் இது கம்பெனி அச்சிட்ட காசே அல்ல.

போலி என்று எப்படிச் சொல்வது? வெள்ளைக்காரன் சாமி படம் போட்டுக் காசு அடிப்பானா என்று பலர் கேட்பார்கள். இந்த வாதம் செல்லாது. ஏனென்றால், அடித்தான்! கம்பெனி சென்னையில் அச்சிட்ட தங்க வராகன்களில் தெய்வ உருவங்கள் உண்டு. பெருமாள் இரு தேவியருடன் நிற்கும் காசுக்கு 'மூன்று சுவாமி வராகன்' என்றே பெயர். 1808 வாக்கில் வந்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. இதற்குக் காரணம் பக்தி அல்ல, வியாபாரம். விஜயநகர காலத்திலிருந்தே தெய்வ உருவம் உள்ள வராகனை நம்பி வாங்கிப் பழகிய சந்தையில், வேறு காசு எளிதில் செல்லாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1818 ஜனவரியில்தான் சென்னை மாகாணத்தில் வராகன் முறை கைவிடப்பட்டு, வெள்ளி ரூபாய் அடிப்படை நாணயமானது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கு வைத்தார்கள். அதாவது, கம்பெனி சாமி காசுக்கு விடை கொடுத்த ஆண்டையே போலி செய்தவர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு சான்று, கணக்கு முறை. வராகன் காலத்துச் சென்னையில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. அங்கே அணாவுக்கு இடமில்லை. கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் பொதுவான நாணயம் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. அந்த ஆண்டின் செப்பு அரை அணாவில் இருப்பது கம்பெனியின் சின்னம். எடை சுமார் 12.95 கிராம். ராமர் பட்டாபிஷேகக் காட்சியோ 'ராமடங்கா' எனப்படும் கோயில் காசுகளில் இருந்து எடுத்தது. அவை பக்திக்காகச் செய்யப்பட்டவை, கடைத்தெருவில் செலவழிக்க அல்ல.

எனவே, ஒரு காசு கையில் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டியது: இந்த ஆண்டில், இந்த ஊரில், இந்த மதிப்பில் காசு வந்ததா? அதன் பிறகு தராசு. 1835ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தால் ஏறக்குறைய 1.13 கிராம் குறைய வேண்டும். செம்பிலும் வெள்ளியிலும் காந்தம் ஒட்டாது. லென்ஸில் பார்க்கும்போது சின்னச் சின்னக் குழிகளும் விளிம்பில் ஒட்டுக்கோடும் தெரிந்தால், அது அச்சில் வார்த்த போலியாக இருக்கலாம். புளி போட்டு மட்டும் தேய்க்கக் கூடாது. பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும்.

சரி, அசல் என்றால் விலை அதிகமா? அதுவும் இல்லை. சென்னைக்காக இங்கிலாந்தில் அச்சான 1808ஆம் ஆண்டு செப்புக் காசுகளை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகள் லட்சக்கணக்கில் மீட்கப்பட்டன. வயது இருநூறைத் தாண்டியும், எண்ணிக்கை அதிகம் என்பதால் சாதாரண சேகரிப்பாளரும் வாங்கும் விலைக்கே அவை கிடைக்கின்றன. வயது அல்ல, கிடைக்கும் அளவும் தேவையும் காசின் நிலையுமே விலையைத் தீர்மானிக்கின்றன.

இது தெரியாததால் ஏமாறுபவர்கள் பலர். பழைய காசை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, கமிஷன், வரி என்று முன்பணம் கேட்கும் கும்பல்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தின. தனக்கும் இந்த வியாபாரத்துக்கும் தொடர்பில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்க வேண்டியதாயிற்று.

பூஜை அறையில் இருக்கும் ராமர் காசு அங்கேயே இருக்கட்டும். வணங்கத் தடையில்லை. அதை நம்பி முன்பணம் மட்டும் கட்ட வேண்டாம்.