அக்குறணைப் பாடசாலைப் போக்குவரத்து

அக்குறணைப் பாடசாலைப் போக்குவரத்து என்பது, கண்டி மாவட்டத்தின் அக்குறணை, நீரெல்லை, குருகொடை, புளுகொஹொதென்னை முதலிய ஊர்களின் பிள்ளைகளை உள்ளூர்ப் பாடசாலைகளுக்கும், கட்டுகஸ்தோட்டை, கண்டி, மாத்தளைப் பாடசாலைகளுக்கும் கொண்டுசேர்க்கும் வேன், பஸ், முச்சக்கர வண்டிச் சேவைகளைக் குறிக்கும். இதை நடத்தும் தனியொரு நிறுவனம் கிடையாது. இலங்கையின் பெரும்பாலான அரச பாடசாலைகளைப் போலவே இங்கும் பாடசாலைக்குச் சொந்தப் பஸ் இல்லை. சாரதியைப் பாடசாலை நியமிப்பதுமில்லை. வேன் ஒருவருடையது, பிள்ளை இன்னொருவருடையது. இருவருக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சு உடன்பாடு மட்டுமே.

கண்டியிலிருந்து சுமார் 10 கிலோமீற்றர் வடக்கே, ஏ9 வீதியின் இருபுறமும் நீண்டு கிடக்கும் வியாபார ஊர் அக்குறணை. ஊருக்குள்ளேயே அஸ்ஹர் தேசியப் பாடசாலையும் முஸ்லிம் பாலிகா என்ற மகளிர் பாடசாலையும் இருக்கின்றன. ஆனாலும் பிள்ளைகள் வெளியே போகக் காரணம் உண்டு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தால் ஆறாம் தரத்தில் நகரப் பாடசாலை கிடைக்கும். முன்னாள் கல்வி அமைச்சர் பெயரைத் தாங்கிய பதியுதீன் மஹ்மூத் மகளிர் கல்லூரி, 1854இல் தொடங்கிய கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி, 1872இல் தொடங்கிய திரித்துவக் கல்லூரி, 1887இல் தொடங்கிய தர்மராஜ கல்லூரி என, இந்தப் பரீட்சை வழியாயினும் வேறு வழியாயினும், தெரிவுக்குக் குறைவில்லை. மாவட்டம் முழுவதிலிருந்தும் வரும் வேன்கள் காலை 7.30 மணிக்குள் ஒரே சின்ன நகரத்துக்குள் நுழைய வேண்டியிருப்பதால், மகாவலிக்கு மேலுள்ள கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் தினமும் நெரிசல். கண்டிக்கு 10 கிலோமீற்றர்தானே என்று கணக்குப் போடுபவர் அக்குறணையில் பிள்ளை வளர்த்தவராக இருக்க முடியாது.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி வகுப்பறையைத்தான் இலவசமாக்கியது. வகுப்பறை வரையிலான வீதியை அல்ல. அந்த இடைவெளியை நிரப்ப அரசு எடுத்த முயற்சிகளில் 2005இல் தொடங்கிய 'சிசு செரிய' முக்கியமானது. இதன் கீழ் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்களும் தனியார் பஸ்களும் பாடசாலை நேரத்தில் மாணவருக்கென்றே சலுகைக் கட்டணத்தில் ஓடுகின்றன. இ.போ.ச. பஸ்களில் மாணவர் பருவச்சீட்டும் உண்டு. ஆனால் பஸ் பிரதான வீதியோடு நின்றுவிடும். அக்குறணையின் வீடுகளோ ஏ9இலிருந்து பிரிந்து மேட்டுக்கு ஏறும் ஒடுங்கிய ஒழுங்கைகளில் இருக்கின்றன. ஆறு வயதுப் பிள்ளையை அங்கிருந்து இறக்கி, நெரியும் பஸ்ஸின் மிதிபலகையில் ஏற்றிவிட எந்த உம்மாவுக்கும் மனம் வராது. வேன் பிழைப்பது அந்த ஒழுங்கைகளால்தான்.

வேன் சாரதியைப் பிள்ளைகள் 'அங்கிள்' என்பார்கள், ஊர்க்காரராயின் 'நானா'. பெரும்பாலும் அவரே உரிமையாளர், அவரே சாரதி, மாதக் காசு வாங்குபவரும் அவரே. வண்டி பழைய டொல்பின் ஹையேஸ் அல்லது கரவன் வேன், பிள்ளைகள் கூடினால் ரோசா பஸ். ஆளெடுப்பு என்று பார்த்தால் விளம்பரமோ நேர்முகமோ இல்லை. பள்ளிவாசல் வாசலிலும் கடைத்தெருவிலும் பெற்றோர் விசாரித்துக்கொள்வதே தெரிவுமுறை. 'எத்தனை வருஷமாக ஓடுகிறார், பீடி சிகரெட் உண்டா, கோபக்காரரா' என்ற கேள்விகளை எந்தத் திணைக்களமும் கேட்பதில்லை. உம்மாமார் கேட்கிறார்கள். இந்த விசாரணையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் அது அறிமுகமான சாரதியை மட்டுமே எட்டும். அவர் காய்ச்சலில் படுத்தால் பதிலுக்கு வருபவரை யாரும் விசாரிப்பதில்லை.

சட்டம் பார்ப்பது வேறு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும். வண்டிக்குக் காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம். கண்ணும் கையும் சரியா, வண்டி ஓடுமா என்பதை இவை சொல்லும். பிள்ளைகளோடு பழகத் தகுந்தவரா என்பதைச் சொல்லா. இந்தியாவில் 1997இல் உச்ச நீதிமன்றம் பாடசாலைப் பஸ் சாரதிக்குக் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று உத்தரவிட்டது. சென்னை தாம்பரத்தில் 2012 ஜூலையில் பஸ் தளத்தின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பின்னர் தமிழ்நாடு அரசு தனி விதிகளையே வகுத்தது. அந்த விதிகளை எழுத அங்கே ஓர் உயிர் போகவேண்டியிருந்தது.

சாரதிகளைத் தக்கவைப்பதும் கடினம். வளைகுடாவில் வீட்டுச் சாரதி வேலை எப்போதும் கைநீட்டி அழைக்கிறது. மறுபக்கம் லீசிங் தவணை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வருமானம் நின்றது. 2022 தொடக்கத்தில் லீற்றருக்கு 121 ரூபாயாக இருந்த ஓட்டோ டீசல் ஜூன் இறுதியில் 460 ரூபாய் ஆனது, பின் கியூ.ஆர். அட்டையில் வாராந்தப் பங்கீடு. 2020இல் வந்த வாகன இறக்குமதித் தடை தளர 2025 வரை ஆனதால், பழைய வேன்கள் மேலும் பழையனவாகின.

அக்குறணைக்கே உரிய சிக்கல் ஒன்று, நாட்காட்டி. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை. நகரத்தின் மற்றப் பாடசாலைகளுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக முஸ்லிம் பாடசாலை முன்னதாகவே விடும். மற்றவை வழமைபோல 1.30க்கு. இரண்டு வகைப் பிள்ளைகளையும் ஏற்றும் வேன் வெள்ளியன்று இரு தடவை ஓட வேண்டும், நோன்பில் பாதி இருக்கை காலியாக ஓட வேண்டும். விடுமுறை மாதத்துக்கு முழுக் காசா, அரைக் காசா என்ற வழக்கு ஆண்டுதோறும் வரும். தீர்ப்பு வேனுக்கு வேன் மாறும்.

விபத்தைப் பொறுத்தவரை, பலரும் ஓடும் வேனை நினைத்து அஞ்சுகிறார்கள். நியாயம்தான்: 2025 ஓகஸ்ட் 27இல் குளியாப்பிட்டியில் பாடசாலை வேனும் டிப்பரும் மோதி இரு பிள்ளைகளும் சாரதியும் இறந்தனர். ஆனால் நின்ற வேனையும் கவனிக்க வேண்டும். இடப்பக்கச் சறுக்குக் கதவு வீதியோரமாகத் திறப்பதால் இறங்குவது பாதுகாப்பு. ஆனால் வீடு எதிர்ப்பக்கம் என்றால் பிள்ளை வேனின் முன்புறமாக ஓடி வீதியைக் கடக்கும். உயர்ந்த முன்பகுதியின் கீழே சிறு தலை சாரதிக்குத் தெரியாது, முந்தி வரும் பஸ்ஸுக்கும் தெரியாது. அமெரிக்காவில் 1939 மாநாடு ஒன்றில் பாடசாலைப் பஸ்களுக்கு மஞ்சள் நிறம் பொதுவானது. பிற்பாடு, பஸ் நிறுத்தக் கையை நீட்டினால் இருபக்க வாகனமும் நிற்க வேண்டும் என்றாயிற்று. ஏ9இல் அப்படி நிற்கும் வழக்கம் இல்லை. ஆகவே உதவியாளர் ஒருவர் இறங்கிக் கைபிடித்துக் கடத்திவிடுவதே ஒரே வழி. செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவதும் அந்த ஆள்தான். வேனுக்குள் பிள்ளைக்குத் துன்புறுத்தல் நேர்ந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு முறையிடலாம்; அம்புலன்ஸுக்கு 1990.

அக்குறணை நகரின் ஊடாக ஓடும் பிங்கா ஓயா கனமழையில் பெருகி ஏ9 வீதியையே மூடிவிடுவது பழகிப்போன செய்தி. ஓயாவின் ஒதுக்கிடத்தில் எழுந்த கட்டடங்கள் இதற்கு முக்கிய காரணமாகச் சொல்லப்படுகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்தில் மண்சரிவும் சேர்ந்துகொண்டது. வெள்ளத்தில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லத் துணிவது எங்கே முடியும் என்பதற்கு 2024 நவம்பர் 26இல் காரைதீவு, மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவரோடு உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்ட சம்பவம் சாட்சி. மழை நாளில் வேனைத் திருப்புவதா, தாண்டுவதா என்பதை அக்குறணையில் இன்றும் சாரதியே தீர்மானிக்கிறார். தண்ணீர் ஏறினால் எந்த இடத்தில் நிறுத்துவது, பிள்ளைகளை எந்த வீட்டில் அல்லது பள்ளிவாசலில் இறக்குவது, யாரிடம் ஒப்படைப்பது என்பவற்றைப் பெற்றோரும் அவரும் தவணைத் தொடக்கத்திலேயே பேசி வைக்கலாம். அதற்கு எந்த வர்த்தமானி அறிவித்தலும் வேண்டியதில்லை.