ஆர்மோனியப் பெட்டியும் ஐந்தரைக் கட்டையும்

அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் கிராமக் கோயில்கள்ல "ஆர்கன் யாருங்க வாசிக்கிறது?"ன்னு கேட்டா, கீபோர்டு வாசிக்கிற தம்பியைக் காட்டுவாங்க. குழாய் வச்ச நிஜ ஆர்கனை நான் இந்தப் பக்கம் பார்த்ததே இல்லை. பேர் மட்டும் வந்து ஒட்டிக்கிச்சு :-) கீபோர்டுக்கு முன்னாடி அந்த இடத்துல உட்கார்ந்திருந்தது ஆர்மோனியம்.

வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய 18ஆம் நூற்றாண்டில் ஆர்மோனியம் பிறக்கவே இல்லை. 1840களில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் அதற்குக் காப்புரிமை வாங்கினார். குழாய்க்குப் பதிலா, காற்று பட்டு அதிரும் உலோக நாக்குகள். முதலில் காலால் மிதிக்கிற மாதிரிதான் இருந்தது. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1875 வாக்கில் அதைத் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடுற பெட்டியாக்கினார். சைக்கிள் கேரியர்ல கட்டிக்கிட்டுப் போகலாம். கரண்டும் வேண்டாம். கிராமக் கோயிலுக்கு வேற என்ன வேணும்?

வேடிக்கை என்னன்னா, கமகம் வராத வாத்தியம்னு 1940ல் அகில இந்திய வானொலி இதைத் தள்ளி வைத்தது. 1971ல்தான் தடையைக் கொஞ்சம் தளர்த்தினாங்க. இன்னொரு பக்கம், 1963ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குழாய் ஆர்கனுக்குத் தனி மரியாதை தந்தாலும், வழிபாட்டுக்குப் பொருந்துகிற மற்ற வாத்தியங்களுக்கும் அனுமதி கொடுத்தது. லத்தீன் போய்ப் பூசை தமிழுக்கு வந்தப்போ, ஆர்மோனியம் ரெடியா இருந்தது.

சின்ன வயசுல நான் பார்த்த உபதேசியார் ஒருத்தர் முதல்ல வாசிக்கவே மாட்டார். முன்வரிசைப் பாட்டி பாட்டை எடுத்ததும் காது கொடுத்துக் கேட்பார். அது நாலரைக் கட்டையோ ஐந்தரைக் கட்டையோ, விரல் தானா அங்கே போய் நிக்கும். பாட்டி மூச்சு வாங்கினா பெட்டியும் காத்திருக்கும்.

இப்போ கீபோர்டுல டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கு. எந்தக் கட்டைன்னாலும் ஒரே இடத்துல விரல் வச்சு வாசிக்கலாம். பொட்டி தட்டுறவன் நான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா ரிதம் போட்டுட்டா மெஷின் யாருக்கும் நிக்காது. பாட்டிதான் ஓடணும். ரெண்டாவது சரணத்துல பாட்டி வாயை மூடிக்கிறாங்க. அப்புறம் தம்பி மட்டும் வாசிக்கிறான், பாடகர் குழு மைக்குல பாடுது, ஜனங்க கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க.

தம்பிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த ரிதம் பட்டனை ஒரு ஞாயிறு அணைச்சுட்டு வாசிச்சுப் பாருங்க. பாட்டி திரும்பப் பாடுவாங்க.