'டிட்' எங்கிருந்து வந்தது? ஒரு வினாத்தொடரின் வரலாறு

"முருகனை யார் பார்த்தார்?", "முருகன் யாரைப் பார்த்தான்?" ஆகிய இரண்டில் எவர் பார்த்தவர், எவர் பார்க்கப்பட்டவர் என்பதை 'ஐ' உருபே காட்டிவிடுகிறது. சொற்களை இடம்மாற்றினும் பொருள் பிறழ்வதில்லை. கன்னடத்திலும் 'யாரு', 'யாரன்னு' என உருபே அப்பணியைச் செய்கிறது.

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. எழுவாயை வினவ 'ஹூ சா முருகன்?' என்பது போதும். செயப்படுபொருளை வினவ 'ஹூ டிட் முருகன் ஸீ?' எனத் துணைவினை வேண்டும். இவ்வேறுபாடு மொழியின் இயல்பன்று, வரலாற்றின் விளைவு.

பழைய ஆங்கிலமும் உருபுடைய மொழியே. எழுவாய்க்கு 'ஹ்வா', செயப்படுபொருளுக்கு 'ஹ்வொனெ', நான்காம் வேற்றுமைக்கு 'ஹ்வாம்' என வினாப்பெயர் வேறுபட்டது. இன்றைய 'ஹூம்' இவற்றுள் இறுதியானதன் வழித்தோன்றல். அன்று வினாவில் முதன்மை வினையே எழுவாய்க்கு முன் சென்றது, 'டிட்' தேவைப்படவில்லை. பின்னர் உருபுகள் தேய, சொல்வரிசை அவற்றின் இடத்தைப் பிடித்தது. 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை வினாக்களில் 'டூ' படிப்படியாகப் பரவியதை ஆல்வார் எலகோர்டு 1953இல் விரிவாக ஆராய்ந்தார். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இரு வழக்குகளும் அருகருகே உள்ளன. முதன்மை வினை முன்செல்வது நின்றபோது அவ்விடத்தை 'டூ' நிரப்பியது. எழுவாய் வினாவிலோ வினாப்பெயரே எழுவாயாய்த் தலைப்பில் நிற்பதால் நிரப்ப வேண்டிய இடமே இல்லை.

இன்று சாமராஜநகர் மாவட்டத்திலுள்ள கொள்ளேகால், 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாநிலத்தில் 1950களில் அறிமுகமான கட்டமைப்புப் பாடத்திட்டம், வாக்கிய அமைப்புகளைத் தரப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கற்பித்தது. பொருளை விடுத்து வடிவத்தைப் பயிற்றும் அம்முறையை என். எஸ். பிரபு கேள்விக்குட்படுத்தி, 1979 முதல் 1984 வரை பெங்களூர்த் திட்டத்தில் செயல்பாடுகளின் வழியே மொழி கற்பித்துப் பார்த்தார்.

எனினும் வகுப்பறையில் 'ஹூ டிட் ஸீ முருகன்?' என எழுதும் மாணவருக்கு இன்றும் சிவப்புக் கோடே கிடைக்கிறது. முதல் தலைமுறையாகக் கற்பவர் அதனைத் தம் அறிவின் குறையாகவே எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் ஒரு விதியைக் கற்று, அதன் எல்லையைத் தாண்டி நீட்டியுள்ளார், அவ்வளவே.

'யாரா, யாரையா?' என முதலில் தாய்மொழியில் கேட்கச் செய்வோம். 'யாரை' எனில் 'டிட்' வரும். 'யார்' எனில் வராது. ஆங்கிலம் இழந்த உருபு நம் மாணவரிடம் இருக்கிறது. அதனைப் பாடநூல்கள் ஏன் இன்னும் பயன்படுத்தவில்லை?