வீதியிலிருந்து பீடத்துக்கு: திருவருகைக் காலத்தில் எளியோரின் இடம்

கி.பி. 380-இல் ஸ்பெயினின் சரகோசா நகரில் கூடிய ஆயர்கள் குளிர்கால நாள்களுக்கென்று ஒரு விதி வகுத்தார்கள். டிசம்பர் 17 முதல் சனவரி 6-ஆம் நாள் திருக்காட்சி விழா வரை, 21 நாளும் யாரும் கோவிலுக்கு வராமல் இருக்கக் கூடாது. வீட்டுக்குள் பதுங்கிக்கொள்வது, பண்ணைவீட்டில் போய்த் தங்குவது, மலைக்கு ஏறிவிடுவது, வெறுங்காலோடு திரிவது எல்லாவற்றுக்கும் தடை. பிரிசில்லியன் என்பவரைப் பின்பற்றியவர்கள் தனியே ஒதுங்கித் தவம் செய்து வந்த காலம் அது. ஆயர்களின் கவலையும் அதுதான். கிறிஸ்து பிறப்பு விழாவின் பெயர்கூட அந்த விதியில் இல்லை. ஆனாலும் அந்த விழாவுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான திருவருகைக் காலத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறார்கள்.

அடுத்த நூற்றாண்டில் காட்சி பிரான்சுக்கு நகர்கிறது. தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11-இல் வரும் புனித மார்ட்டின் விழாவிலிருந்து கிறிஸ்து பிறப்பு வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு இருக்கச் சொன்னார். 6-ஆம் நூற்றாண்டில் மாக்கோன் சங்கம் அதைத் திங்கள், புதன், வெள்ளி என்று நாள் குறித்து விதியாக்கியது. ரோமில் திருத்தந்தை பெரிய கிரகோரியின் காலத்தையொட்டி, நான்கு ஞாயிறுகள் என்ற கணக்கு நிலைபெற்றது. மிலான் நகரமோ தன் வழியே போய், இன்றைக்கும் ஆறு வாரம் கொண்டாடுகிறது.

இத்தனையும் மேலிருந்து வந்த ஆணைகள். கோவிலுக்கு வந்த உழவனும் நெசவாளியும் அந்த ஞாயிறுகளில் எந்த நற்செய்தியைக் கேட்டார்கள் என்ற கேள்விதான் இங்கே முக்கியம்.

லூக்கா நற்செய்தியின் முதல் இரண்டு இயல்களில் அகுஸ்து சீசரும் ஏரோதும் பெயரளவுக்கு வந்து போகிறார்கள். கதையை நடத்துகிறவர்கள் வேறு ஆட்கள். சீட்டு விழுந்ததால் தூபம் காட்டப் போன முதிய குரு செக்கரியா, பிள்ளையில்லாதவள் என்று பேச்சுக் கேட்ட எலிசபெத்து, பழைய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் பெயர் வராத நாசரேத்தின் மரியா, இரவில் கிடை காத்த இடையர்கள், கோவிலே கதியென்று கிடந்த கைம்பெண் அன்னா. குழந்தையைக் கோவிலில் ஒப்புக்கொடுக்க வந்த பெற்றோரைப் பற்றி எழுதும்போது, லேவியர் நூல் ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு அனுமதித்த பறவைக் காணிக்கையைத்தான் லூக்கா குறிப்பிடுகிறார். மத்தேயு, மீட்பின் திட்டம் யோசேப்பு என்ற தச்சரின் சம்மதத்துக்காகக் காத்து நின்றதைச் சொல்கிறார். அவர் தரும் தலைமுறைப் பட்டியலிலோ தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று ஊர் வாயில் விழுந்து எழுந்த பெண்கள் இருக்கிறார்கள்.

1570-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெளியிட்ட ரோமைத் திருப்பலி நூலைப் புரட்டினால் ஏமாற்றம்தான். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு உலக முடிவின் அறிகுறிகள். மற்ற மூன்று ஞாயிறுகளுக்கும் திருமுழுக்கு யோவான். மரியாவுக்கு வானதூதர் செய்தி சொல்லும் பகுதி மூன்றாம் வாரத்துப் பருவ நோன்புப் புதனுக்கும், அவர் எலிசபெத்தைச் சந்திக்கும் பகுதி வெள்ளிக்கும் போயிருந்தன. யோசேப்பின் கனவு டிசம்பர் 24-ஆம் தேதித் திருப்பலியில் வந்தது. வானதூதர் மரியாவுக்குச் சொன்ன செய்தியைக் கொண்டாடும் மங்கள வார்த்தை விழா மார்ச் 25-இல் தனியாக உண்டு என்பது உண்மையே. ஆனால் ஞாயிறு மட்டும் கோவிலுக்கு வர முடிந்த உழைப்பாளிக்கு, டிசம்பரில் இந்த மனிதர்கள் பீடத்திலிருந்து அறிமுகமாகவில்லை.

கிழக்கே நிலைமை வேறு. 7-ஆம் நூற்றாண்டில் மறைமுதுவர் மூன்றாம் ஈசோயாப் ஒழுங்குபடுத்திய கிழக்குச் சிரிய வழிபாட்டு ஆண்டு, மங்கள வார்த்தைக் காலத்தோடுதான் தொடங்குகிறது. அதன் நான்கு ஞாயிறுகளும் வரிசையாகச் செக்கரியாவுக்கு வந்த செய்தி, மரியாவுக்கு வந்த செய்தி, யோவானின் பிறப்பு, யோசேப்புக்கு வந்த செய்தி. கேரளத்து சீரோ மலபார் திருச்சபை இந்த வரிசையைக் காத்து வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலையைத் தலைமையிடமாகக் கொண்டு 1996-இல் உருவான மறைமாவட்டமும் அதே மரபுதான். டிசம்பர் முதல் தேதியே இறைச்சி மீனை ஒதுக்கிவைக்கும் ‘இருபத்தஞ்சு நோம்பு’ அந்த வீடுகளில் இன்னும் இருக்கிறது.

மேற்கே, ஞாயிறு தராததை மக்கள் தாங்களே தேடிக்கொண்டார்கள். ஆஸ்திரியாவிலும் பொகிமியாவிலும் போலந்திலும் விடியுமுன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடக்கும் மரியாவின் திருப்பலிக்குக் கூட்டம் சேர்ந்தது. போலந்தின் மரபுச் செய்தி ஒன்று, அந்தத் திருப்பலியில் ஏழு பிரிவினர் முன்வந்து பீடத்தில் ஆளுக்கொரு விளக்கேற்றினார்கள் என்கிறது. முதலில் அரசர், பிறகு தலைமைப் பேராயர், செனட்டர், நிலக்கிழார், போர்வீரர், நகரத்தார், கடைசியில் உழவர். வரிசையில் கடைசிதான், ஆனால் விளக்கு அதே பீடத்தில்தான்.

ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் மரியாவின் படத்தை இரவுக்கு ஒரு வீடாகத் தூக்கிச் சென்றார்கள். மெக்சிகோவில் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அகோல்மான் மடத்துத் தலைவர் தியேகோ தெ சோரியா, திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துவின் அனுமதியோடு டிசம்பர் 16 முதல் 24 வரை திருப்பலிகளை ஏற்படுத்தினார். மடத்து முற்றத்தில் தொடங்கிய அந்த வழக்கத்தை மக்கள் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். மரியாவும் யோசேப்பும் இடம் தேடி அலைந்ததை ஒன்பது இரவுகள் நடித்துக் காட்டும் ‘போசாதா’ பிறந்தது. வெளியே நிற்பவர்கள் தங்க இடம் கேட்டுப் பாடுவார்கள். உள்ளேயிருந்து மறுத்துப் பாடுவார்கள். பல கதவுகள் சாத்தப்பட்ட பிறகே ஒரு கதவு திறக்கும்.

பிலிப்பைன்சில் அதே ஒன்பது நாள் திருப்பலி, வயலுக்குப் போகிறவர்களின் வசதிக்காக விடியற்காலைக்கு வந்தது. ‘சிம்பாங் காபி’ என்று பெயர். பூசை முடிந்து வெளியே வந்தால், வாழையிலை விரித்த மண்சட்டியில் மேலும் கீழும் கனல் வைத்துச் சுட்ட பிபிங்கா என்ற அரிசிப் பணியாரம் சுடச்சுடக் கிடைக்கும். பக்கத்திலேயே நம் குழாய்ப்புட்டைப் போல மூங்கில் குழாயில் வெந்த ஊதா நிறப் புட்டோ பும்போங். நோன்பு என்று தொடங்கிய காலம் பலகாரத்தில் முடிந்ததை இறையியலார் எப்படி எடுத்துக்கொண்டாலும், அதிகாலைக் கூட்டம் இதுவரை குறையவில்லை.

சீர்திருத்தச் சபைகளிலும் இத்தகைய வழக்கங்கள் பீடத்துக்கு வெளியேதான் பிறந்தன. லூத்தரன் இறையியலாளர் யோகான் ஹின்ரிச் விகெர்ன் 1833-இல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதாகச் சொல்வார்கள். 1839-இல் ஒரு மரச் சக்கரத்தில் வார நாள்களுக்கு 20 சிறிய சிவப்பு மெழுகுவத்திகளும், ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவத்திகளும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்ற வைத்தார். இன்று கோவில்கள்தோறும் இருக்கும் திருவருகை வளையத்தின் மூலம் அதுவே. கத்தோலிக்கக் கோவில்களுக்குள் அது நுழைந்தது 1920-களில்தான். ஜெர்மானிய வீடுகளில் கதவில் சுண்ணக்கட்டியால் 24 கோடு போட்டு நாளுக்கொன்றாக அழித்த வழக்கம், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் அச்சகத்தார் கெர்ஹார்ட் லாங்கின் கையில் அச்சிட்ட நாட்காட்டியானது. அதற்குள் சாக்லேட் புகுந்தது, காத்திருப்பைக் கடைச்சரக்காக்கிய வேலை.

1944 டிசம்பரில் திருவருகைக் காலத்தைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர், பெர்லினின் தேகெல் சிறையில் கையில் விலங்கோடு இருந்தார். இயேசு சபைக் குரு அல்பிரட் டெல்ப், ஹிட்லர் ஆட்சிக்கு எதிரான வட்டத்தில் இருந்ததற்காகப் பிடிபட்டவர். பாலைநிலத்தில் கூவியவர், செய்தி சொல்லும் வானதூதர், பேறுபெற்ற பெண் ஆகிய மூவரையும் திருவருகைக் காலத்தின் முகங்களாக வைத்து அவர் எழுதினார். அந்தத் தாள்களைச் சலவைத் துணியோடு மறைத்து வெளியே கொண்டுவந்தவர்கள் இரண்டு பெண்கள். 1945 பிப்ரவரி 2-இல் டெல்ப் தூக்கிலிடப்பட்டார். சிமியோனும் அன்னாவும் குழந்தையைக் கண்டதைத் திருச்சபை நினைவுகூரும் விழா நாள் அது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969-இல் வந்த புதிய விதிமுறைகள் திருவருகைக் காலத்தைப் பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்பார்ப்பின் காலம் என்று வரையறுத்தன. பழைய நோன்பின் கடுமை போயிற்று. அதைவிடப் பெரிய மாற்றம் வாசகங்களில் நடந்தது. நான்காம் ஞாயிறு, மூன்றாண்டுச் சுற்றில், முதல் ஆண்டு யோசேப்புக்கும் இரண்டாம் ஆண்டு மரியாவுக்கும் மூன்றாம் ஆண்டு மரியா-எலிசபெத்து சந்திப்புக்கும் உரியதானது. அறிஞர் குழு செய்த சீர்திருத்தம்தான். ஆனால் மெக்சிகோ தெருக்களும் ஆல்ப்ஸ் வீடுகளும் பல நூற்றாண்டு பிடித்துவைத்திருந்த மனிதர்களுக்கே அது ஞாயிறு பீடத்தில் இடம் தந்தது. கிழக்குச் சிரியர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செய்ததை ரோம் தாமதமாகச் செய்தது என்பதே சரியான கணிப்பு.

இப்போது டிசம்பர் 17-இல் தலைமுறைப் பட்டியல், 18-இல் யோசேப்பு, 19-இல் செக்கரியா, 20-இல் மரியா, 21-இல் எலிசபெத்து என்று லத்தீன் வழிபாட்டு முறைக் கோவில்களில் வார நாள் நற்செய்தி போகிறது. தாமாரின் பெயர் 17-ஆம் தேதி வாசகத்தின் தொடக்க வரிகளிலேயே வந்துவிடுகிறது.